பேச்சித்தாயின் நான்கு நொடிகள்

அனுப்பியது மூன்று நிமிடம் நாற்பத்திரண்டு நொடி. கேட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று நிமிடம் முப்பத்தெட்டு நொடி. நடுவில் நான்கு நொடி எங்கே போகிறது என்று எமல்டாவுக்கு மூன்று வாரமாகப் பிடிபடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கேட்புச்சீட்டுகளைப் பார்ப்பது அவள் வேலை. தூத்துக்குடியின் தெற்கு ஓரத்தில், உப்புப் பாத்திகளுக்கு நடுவே, பழைய எடைமேடைக் கட்டடத்தில் இயங்கும் உப்பளம் சமூக வானொலிக்கு அவள்தான் தொழில்நுட்பர். வானொலி ஒரு பாட்டை அனுப்பும். கேட்பவர் காதிலிருக்கும் செவிமணி அந்தப் பாட்டு எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்ற இரண்டு நேரங்களையும் தன் எண்ணையும் மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பும். பெயர் இருக்காது, தெரு இருக்காது. அதுதான் கேட்புச்சீட்டு. எந்தப் பாட்டைக் கடைசிவரை கேட்டார்கள், எதைப் பாதியில் மூடினார்கள் என்பது அதிலிருந்து தெரிந்துவிடும்.

செவிமணி எந்த ஒலிபரப்பையும் ஆறு நொடி தன்னிடம் பிடித்து வைத்துக்கொண்டு அதன் பிறகுதான் காதுக்குள் விடும் என்பது எமல்டாவுக்குத் தெரிந்ததுதான். ஆகவே பாட்டு ஆறு நொடி பிந்தித் தொடங்க வேண்டும், ஆறு நொடி பிந்தி முடிய வேண்டும். உள்ளூர்ப் பாட்டுக்காரி பேச்சித்தாயின் பாட்டு ஆறு நொடி பிந்தித் தொடங்கியது. ஆனால் இரண்டே நொடி பிந்தி முடிந்தது. ஒருவருக்கு இருவருக்கு அல்ல, ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேருக்கும் அப்படியே.

அவள் கடிகாரத்தைச் சரிபார்த்தாள். ஒலிபரப்புக் கோபுரத்தின் மேலேறி இணைப்புகளைத் துடைத்தாள். உப்புக்காற்றில் செம்பு பச்சை பூத்திருந்தது, ஆனாலும் குற்றம் அதிலில்லை. பத்து நொடி நீளமுள்ள ஒற்றைச் சுரத்தை அனுப்பிப் பார்த்தாள், பத்து நொடியாகவே திரும்பியது. தாளக் கச்சேரி ஒன்றை அனுப்பினாள், ஒரு இம்மியும் குறையவில்லை. வாயால் பாடியவர்களின் பாட்டு மட்டும் தேய்ந்தது. ஒருவருக்கு ஒன்றரை நொடி, இன்னொருவருக்கு இரண்டு; இத்தனை வருடம் அவள் கண்ணில் படாத சின்னக் குறைவு. பேச்சித்தாய்க்குத்தான் எல்லாரிலும் அதிகம்.

அந்தக் காலத்தில் பாட்டு என்றாலே ஆக்கப்பாட்டுதான். காலையில் கண் விழித்ததும் நாடித்துடிப்பையும் முந்தைய நாள் தூக்கத்தையும் கணக்கிலெடுத்து, காதுக்காரருக்கென்றே ஒரு பாட்டைச் செவிமணி அங்கேயே ஆக்கிக் கொடுக்கும். ஒருவர் கேட்ட பாட்டை இன்னொருவர் கேட்டிருக்க முடியாது. பேருந்தில் நாற்பது பேர் நாற்பது பாட்டுக்குத் தலையசைத்துக்கொண்டு போவார்கள். எமல்டாவுக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைகள் ஆளுக்கொரு விரலைச் சூப்புவதுபோல இருக்கிறது என்பாள். குழந்தைகள் சூப்பினால் அழகு; மீசை வைத்தவர்கள் சூப்பினால் வேறு.

சமூக வானொலி அப்படி இல்லை. அதற்கு ஒரே விதி: கோபுரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருக்கும் மனிதர்கள், தாங்களே கட்டிய பாட்டை, தாங்களே பாட வேண்டும். செவ்வாயும் வியாழனும் ஒலிப்பதிவு அறை யாருக்கும் திறந்திருக்கும். எமல்டா ஒலிவாங்கியை எத்தனை விரற்கடை தள்ளி வைப்பது, ‘ப’ வரும்போது முகத்தை எப்படிச் சாய்ப்பது, எந்தச் சுவர் எந்தச் சுரத்தை விழுங்கும் என்றெல்லாம் சொல்லித் தருவாள். கேட்காவிட்டாலும் சொல்லித் தருவாள். பதிந்த பாட்டு வாரத்தில் மூன்று முறை ஒலிக்கும். கேட்புச்சீட்டு ஆயிரத்தைத் தாண்டினால் நிலையமே உப்பளத் திடலில் மேடை போட்டு, ஒரு மாதம் முன்பிருந்தே அறிவித்து, ஊரைக் கூப்பிடும். வேறு எந்த வாசலும் திறக்காத அந்த ஊரில், பதினொரு பாட்டுக் குழுக்கள் இந்த ஒரு வாசலை நம்பி உயிரோடிருந்தன.

பேச்சித்தாய் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வடிகட்டி மாற்றுகிறவள். வயது இருபத்தொன்பது. ஆலைச் சங்கு ஊதும் ஒலியின் ஏற்ற இறக்கத்தில் மெட்டமைப்பாள். சூப்பர்வைசரின் நடையையும், வடிகட்டியில் சிக்கிச் சாகும் மீன்குஞ்சுகளையும் பாடுவாள். கூடச் சுடலைமணி உறுமி வாசிப்பான். நிலையத்தின் பன்னிரண்டு வருட வாழ்வில் ஆயிரத்தைத் தாண்டியது அவள் ஒருத்திதான், அதுவும் ஆயிரத்துத் தொள்ளாயிரம் சீட்டு. அந்தச் சனிக்கிழமை மாலை அவளுக்குத் திடலில் கச்சேரி, நிலையத்துக்கே அது முதல் மேடை. காணாமற்போன நான்கு நொடியைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று எமல்டா மேடை வேலைக்குப் போய்விட்டாள்.

நானூறு பேர் வந்தார்கள். முதல் அடியைப் பேச்சித்தாய் பாடி முடித்தபோது கூட்டத்தின் முகம் மலர்ந்திருந்தது. அடுத்த அடிக்காக அவள் மூச்சை இழுத்தாள்.

முன்வரிசை முகங்கள் ஒரே நேரத்தில் சுருங்கின. ஒரு பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள், சாக்கடை மூடியைத் திறந்ததைப் போல. இரண்டாம் மூச்சுக்குப் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். மூன்றாவதில், மேடைக்கு இடப்பக்கம் நின்றிருந்த தடித்த ஆள் ஒருவர் குனிந்து, தின்ற சுண்டலை அப்படியே கக்கினார். அதன் புளித்த வாடை ஒலிபெருக்கிப் பெட்டிவரை வந்தது. இரண்டாம் பாட்டு முடியும்போது திடலில் முப்பது பேர் இருந்தார்கள். போகிற போக்கில் ஒருத்தி, வாயைத் துடைத்துவிட்டுப் பாடக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனாள். அதை அவள் திட்டாகச் சொல்லவில்லை, அக்கறையாகச் சொன்னாள். எமல்டாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

மேடைக்குப் பின்னால் பேச்சித்தாய் அழவில்லை. எமல்டாவின் முன்னால் வந்து வாயைத் திறந்து காட்டினாள்.

“எக்கா, உள்ள என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. புழுவா? அவ்வோ பாத்த பார்வைக்கு ஏதாச்சும் இருக்கணும்லா.”

ஒன்றுமில்லை என்று எமல்டா சொன்னாள். பேச்சித்தாய் வாயை மூடிக்கொண்டு, இனிமேல் மனுசர் முகத்துக்கு முன்னால் நின்று பாடப் போவதில்லை என்றாள். பதினான்கு வாரம் கழித்து வரும் உப்பு வாருவோர் விழாவுக்கு அவள் பெயரைக் கொடுத்திருந்தார்கள்; அதை அடித்துவிடச் சொன்னாள். வேண்டுமானால் வானொலியில் மட்டும் பாடுகிறேன், அங்கே என் முகம் தெரியாதே என்றாள். சுடலைமணி அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். கக்கினவர் என் தாளத்துக்குச் சரியாகத்தான் கக்கினார் என்றுகூடச் சொல்லிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் எமல்டா ஊரையே திட்டிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஜோக்கின் துறைமுகத்தில் பளுதூக்கி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். அவனும் திடலுக்கு வந்திருந்தான். ஓடிப்போகாமல், ஆனால் கடைசிவரை தரையைப் பார்த்தபடியே நின்றிருந்தான். ஏன் என்று அவள் கேட்டாள்.

“பாட்டுல ஒரு கொறையும் இல்ல,” என்றான் ஜோக்கின். “அந்தப் பிள்ள மூச்ச இழுக்கும்போது ஈரத்துணிய உருவுத மாதிரி ஒரு சத்தம் வருது பாரு, அதுலதான் வயித்தப் பெரட்டிட்டு. ரேடியோல அது கிடையாதுல்லா.”

எமல்டா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தாள். “என்னது கிடையாது?”

“மூச்சு. எம்புட்டு நாளா கேக்கேன், ஒரு நாளும் வந்ததில்லயே.”

எமல்டா செவிமணி போடுவதில்லை. ஆறு வயது முதல் எல்லாரும் அதைப் போட வேண்டும், ஒலித் தொழில்நுட்பர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. நிலையத்தில் அவள் கேட்பதெல்லாம் ஒலிக்கலவை மேசையிலிருந்து நேரே காதுக்கு வருவது. தான் அனுப்புவதைப் பன்னிரண்டு வருடமாகத் தினமும் கேட்டவள், அது போய்ச் சேரும் இடத்தில் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. சமைத்தவள் சட்டியிலிருந்தே ருசி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்; இலையில் என்ன விழுந்தது என்று பார்க்கவே இல்லை.

ஜோக்கினின் செவிமணியைக் கழற்றித் தன் காதில் பொருத்திக்கொண்டு, வானொலியில் வந்த பேச்சித்தாயின் பாட்டை அவனைப் போடச் சொன்னாள். முதல் அடி வந்தது. இரண்டாம் அடி அதன் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது அதன் வாலில். எங்கும் இடைவெளி இல்லை. அடைக்க மறந்த குழாயைப்போல அந்தக் குரல் வழிந்துகொண்டே இருந்தது. நெஞ்சில்லாத, நாக்கில்லாத, எச்சில் இல்லாத ஒன்று பாடிக்கொண்டிருந்தது. சர்க்கரைப் பாகில் விழுந்த ஈ செத்த பிறகும் மினுமினுப்பதைப் போல அது மினுமினுத்தது. நாற்பது நொடிக்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. பிடுங்கிப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் இரண்டு முறை காறித் துப்பினாள்.

துப்பி முடித்ததும் அவளுக்குள் இருந்த தொழில்நுட்பர் விழித்துக்கொண்டாள். பதினோரு மூச்சு. மூச்சுக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு, சில இடத்தில் கொஞ்சம் கூட. கூட்டினால் ஏறக்குறைய நான்கு நொடி. செவிமணி அந்த ஆறு நொடி அவகாசத்தில் செய்வது இதுதான்: வாயிலிருந்து வரும், சுரமில்லாத, சிறு ஒலி எதுவானாலும் வெட்டி எறிகிறது. பிறகு வெட்டிய இடத்தின் இரண்டு கரையையும் இழுத்துத் தைத்து, தாளம் இடறாதபடி முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடுகிறது. ஒரு மூச்சுக்கு ஒரு தையல். பாட்டு முடியும்போது நான்கு நொடி முந்திவிடுகிறது.

இது யாரும் ரகசியமாகச் செய்த வேலையும் அல்ல. செவிமணி முதலில் ஆலை இரைச்சலுக்காக வந்தது. பிறகு ஆரன் சத்தத்தை வடிகட்டியது, பிறகு பக்கத்து வீட்டுச் சண்டையை. கடைசியில் மென்று தின்பது, தொண்டையைச் செருமுவது, மூச்சு வாங்குவது. இதற்கு நல்லொலி என்று பெயர் வைத்தார்கள். நேருக்கு நேர் பேசும்போது வெட்ட அவகாசமில்லை, அங்கே அந்தச் சத்தத்துக்கு எதிர் அலையை எழுப்பி அமுக்கிவிடும். ஆனால் ஒலிபெருக்கியின் பெருஞ்சத்தத்துக்கு முன்னால் மட்டும் அது வடிகட்டுவதை நிறுத்திவிட்டு, காதைக் காப்பாற்றச் சத்தத்தைக் குறைப்பதோடு சரி. அப்போது உள்ளே வருவது உள்ளபடி வருகிறது. திடலில் நடந்தது அதுதான். ஆறு வயதில் செவிமணி போட்டு, தூக்கத்திலும் கழற்றாத நானூறு பேர், வருடக்கணக்குக்குப் பிறகு முதல்முறையாக இன்னொரு மனித உடம்பைக் கேட்டார்கள்.

அவள் இதையெல்லாம் ஜோக்கினுக்கு விளக்கினாள். அவன் காதில் செவிமணி இல்லை. அது மேசைமேல் கிடந்தது. விளக்கம் பாதியில் இருக்கும்போது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“என்ன?”

“கொஞ்சம் பேசாம இரேன்.” அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒன் வாய் ஒட்டிப் பிரியுது. இவ்வளவு நாளும் இது இருந்துச்சா?”

“கல்யாணம் ஆயி பத்தொம்பது வருசமா இருந்துச்சி.”

“கோவப்படாத. நான் வேணும்னு செய்யல. ஒடம்பு தானா கூசுது.”

அவன் செவிமணியை எடுத்துப் போட்டுக்கொண்டான். எமல்டா மீதிச் சோற்றைத் தின்றாள். ஒவ்வொரு கவளத்தையும் மெல்லும்போது தன் வாய் போடும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவளுக்கு அவன்மேல் அருவருப்பு வந்தது, பிறகு அந்த அருவருப்பின்மேலேயே அருவருப்பு வந்தது.

திங்கட்கிழமை நிலையத்தில் கூடினார்கள். நிலைய மேலாளர் சேர்மத்துரை நல்ல மனிதர். எந்தச் சிக்கலுக்கும் அன்றே முடிகிற வழியாகப் பார்ப்பவர். எமல்டா சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேச்சித்தாயிடம் திரும்பினார்.

“தாயி, மேடையிலயும் அதே வடிகட்டியப் போட்டுருவோம். ஆறு நொடி பிந்தும், அவ்வளவுதான். நீ வாய மூடுன பொறவும் பாட்டு ஓடும். சனம் அதையெல்லாம் கண்டுக்கிடாது.”

“அப்போ நான் எதுக்கு அண்ணாச்சி?” என்றாள் பேச்சித்தாய். “என் போட்டோவ நட்டு வைங்க. அது மூச்சு விடாது, எச்சி முழுங்காது, டீயும் கேக்காது.”

“போட்டோவுக்கு நான் உறுமி அடிக்கணுமாக்கும்,” என்றான் சுடலைமணி.

“ஒன்னையும் போட்டோ பிடிச்சிருவோம். நீ கொஞ்சம் அழகாத் தெரிவ.”

திடலுக்குப் பிறகு அவள் அடித்த முதல் கேலி அது. ஆனாலும் பிடிவாதம் தளரவில்லை. வடிகட்டி வைத்தால் வரமாட்டாள், வடிகட்டாவிட்டாலும் வரமாட்டாள். சேர்மத்துரை சலித்துக்கொண்டு, நிலையம் எல்லாருக்கும் இப்படித்தானே பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கிறது, இத்தனை வருடம் யாருக்கு என்ன கெட்டுப்போனது என்றார். உள்ளூர்ப் பாட்டுக்காரர்களைத் தாங்கிப் பிடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு வருடமாக அவர்களைக் கழுவித் துடைத்துப் பிணமாக்கி வீடுவீடாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்றாள் எமல்டா.

அன்று மத்தியானம் பழைய கேட்புச்சீட்டுகளை எல்லாம் வரிசையாக அடுக்கினாள். பேச்சித்தாயின் அதே பாட்டை நிலையம் ஆறு மாதத்தில் நான்கு தடவை பதிந்திருந்தது. மூன்று பதிவுகளில் இழப்பு மூன்றே முக்கால் நொடிக்கு மேல். நான்காவதில் மட்டும் மூன்றரை. ஒரு மூச்சு தப்பியிருக்கிறது. எமல்டா அந்தப் பதிவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டாள். ஒரு நிமிடம் பன்னிரண்டாம் நொடியில், பேச்சித்தாய் மூச்சிழுக்கும் அதே கணத்தில், உறுமியில் ஒரு அடி விழுந்திருந்தது.

சுடலைமணியைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினாள். அவன் நெளிந்தான்.

“அது என் தப்புக்கா. கைல உப்புப் புண்ணு, குச்சி வழுக்கிட்டு. அன்னைக்கே அவகிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன்.”

அந்த ஊர்த் தாளக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் கையை நிறுத்திவிட வேண்டும். அதை மரியாதை என்பார்கள். அந்த இடத்தில் அடிப்பது, நடந்துபோகிறவர் காலில் கட்டையை நீட்டுவதற்குச் சமம். பதினொரு குழுவிலும் ஒருவர் விடாமல் இந்த மரியாதையைக் காத்து வந்தார்கள். எந்திரம் தேடுவதோ அந்த வெற்றிடத்தைத்தான். கருவி எதுவும் ஒலிக்காத, வெறும் வாய்ச்சத்தம் மட்டும் கிடக்கிற ஒரு துண்டு நேரம். கருவியின் அடியை அது தொடாது. தொட்டால் தாளம் உடைந்துவிடும் என்று அதற்குக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். தாளக்காரர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்று, கத்திக்கு இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

“இனிமே பதினோரு எடத்துலயும் அடிக்கணும்,” என்றாள் எமல்டா.

சுடலைமணி அவளை ஏற இறங்கப் பார்த்தான். “பாடுதவ மூச்ச மிதிக்கச் சொல்லுதியளா?”

“மிதிக்காண்டாம். கூட நிக்கச் சொல்லுதேன்.”

அடி மூச்சை மறைத்துவிடாதா என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. எமல்டா மகிழ்ச்சியாக விளக்கினாள். உறுமியின் அடி தாழ்ந்த ஒலி, வயிற்றுப் பக்கம் கேட்பது. மூச்சு உயர்ந்த சீறல், பல்லிடுக்கில் கேட்பது. ஒன்று மற்றதை மூடாது. மனிதக் காது இரண்டையும் தனித்தனியே கேட்கும். எந்திரம் மட்டும் இரண்டையும் ஒரே பொருளாகக் கட்டி, உறுமி என்று பெயரெழுதிவிட்டு விலகிப்போகும்.

பேச்சித்தாயை வரவழைத்தார்கள். கூட்டமில்லை, முகங்களில்லை, பதிவு மட்டும்தான் என்று சொன்ன பிறகு பாடினாள். பதினோரு மூச்சுக்கும் பதினோரு அடி. அனுப்பியது மூன்று நாற்பத்திரண்டு. எமல்டா இரவல் வாங்கிய செவிமணியில் கேட்டதும் மூன்று நாற்பத்திரண்டு. நான்கு நொடியும் திரும்பிவிட்டது.

அவள் அதை ஒலிபரப்பவில்லை. முதலில் வீட்டுக்கு எடுத்துப்போய் ஜோக்கினுக்குப் போட்டாள். மூன்றாவது மூச்சில் அவன் செவிமணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போய் முகம் கழுவினான். உன்னைக் கும்பிடுகிறேன், இதை ஊருக்கு விடாதே என்றான். அந்த வாரம் முழுவதும் அவள் வெவ்வேறு அளவில் செய்து பார்த்தாள். நான்கு மூச்சு: நெற்றி சுருங்கியது, செவிமணி பக்கம் கை போனது. இரண்டு: தலையை உதறினான். ஒன்றே ஒன்று, பாட்டின் நடுவில், உறுமியோடு: கழுத்தைச் சொறிந்துகொண்டான், ஆனால் கடைசிவரை கேட்டான். மூன்று நாள் அதையே கேட்டபின் கழுத்தைச் சொறிவதும் நின்றது.

எமல்டாவுக்கு வழி தெரிந்துவிட்டது. வழி தெரிந்த சந்தோஷம் வரவில்லை. விஷத்துக்கு உடம்பைப் பழக்குவதற்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். இங்கே விஷம் என்பது பக்கத்து வீட்டுப் பெண்ணின் மூச்சு. அதைத் தன் கையால் அளந்து ஊற்ற வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அளந்தாள்.

முதல் வாரம் பேச்சித்தாயின் பாட்டில் ஒரு மூச்சு போனது. பாட்டில் ஏதோ ஈரமாக இருக்கிறது, கோபுரத்தில் தண்ணீர் இறங்கிவிட்டதா என்று மூன்று பேர் கேட்டார்கள். இரண்டாம் வாரம் இரண்டு. நான்காம் வாரம் ஒருவர், இது அசிங்கம், குடும்பத்தோடு கேட்க முடியவில்லை என்று எழுதினார். ஐந்தாம் வாரம் பாதியில் மூடியவர்கள் நூற்றெழுபது பேர். சேர்மத்துரை பயந்துபோய் நிறுத்தச் சொன்னார். எமல்டா சீட்டுகளை அவர் முன்னால் பரப்பினாள். மூடியவர்களில் பெரும்பாலோர் முந்தைய வாரங்களில் கேட்காமல் ஐந்தாம் வாரத்தில் திடீரென்று வந்தவர்கள். முதல் வாரத்திலிருந்து விடாமல் கேட்பவர்கள் மூடவில்லை. அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, சரி என்று எழுந்து போனார்.

ஏழாம் வாரத்தில் மற்றக் குழுக்களும் சேர்ந்தன. தாளக்காரர்களுக்குத்தான் கை வரவில்லை. இத்தனை வருடம் நிறுத்திய இடத்தில் அடிப்பது வயிற்றில் உதைப்பதுபோல இருக்கிறது என்று ஒரு தப்பட்டைக்காரர் எழுந்து வெளியே போய்விட்டு, பிறகு வந்தார்.

பதினோராம் வாரம் பதினோரு மூச்சும் போயின. ஆயிரத்து நானூறு பேர் கடைசிவரை கேட்டார்கள். ஐந்நூறு பேர் திரும்பி வரவே இல்லை. பேச்சித்தாய் அந்தச் சீட்டுக்கட்டை வாங்கிப் புரட்டினாள். பிறகு, விழாவில் தன் பெயர் அடித்திருந்தால் திரும்ப எழுதச் சொன்னாள். எமல்டா அதை அடிக்கவே இல்லை.

பதின்மூன்றாம் வாரம், உப்பு வாருவோர் விழா. திடலுக்கு இருநூற்றைம்பது பேர் வந்தார்கள். பேச்சித்தாய் ஒலிவாங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். முதல் அடியைப் பாடினாள். சுடலைமணி உறுமியை அடித்தான். அவள் மூச்சை இழுத்தாள். அது ஒலிபெருக்கியில், ஈரத்தோடு, உப்பளம் முழுவதும் கேட்டது.

நாற்பது பேர் எழுந்து போனார்கள். ஒருவர் போகும்போது துப்பிவிட்டுப் போனார். மீதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகம் ஒன்றும் மலர்ந்துவிடவில்லை. முன்வரிசைப் பெண் ஒருத்தி கடைசிவரை உதட்டைக் கடித்தபடிதான் இருந்தாள்; ஆனால் அங்கேயே இருந்தாள். மூன்றாம் பாட்டில் பேச்சித்தாய் ஒரு நீண்ட அடிக்கு முன்னால் ஆழமாக மூச்செடுத்தபோது, கூட்டத்திலும் சிலர் தங்களை அறியாமல் மூச்செடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி அவர்களை அருவருப்போடு பார்த்தார்கள். பிறகு அவர்களும் மூச்செடுத்தார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஜோக்கின் செவிமணியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். எமல்டா வழிநெடுக ஒலிபெருக்கி வைத்த கோணத்தைப் பற்றிப் பேசினாள். அவன் இரண்டு இடத்தில் முகத்தைச் சுளித்தான், பேசாதே என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை எமல்டா ஒலிப்பதிவு அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். புதிதாக வருகிற எந்தக் குழுவும் உள்ளே நுழையுமுன் படிக்க வேண்டும் என்று சொன்னாள். அதில் இவ்வளவுதான் எழுதியிருந்தது: பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் தாளக்காரர் கையை நிறுத்தக்கூடாது, அதே கணத்தில் ஒரு அடி அடிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு மூச்சு, அடுத்த வாரம் இரண்டு, இப்படி வாரத்துக்கு ஒன்று கூட்ட வேண்டும். எல்லா மூச்சையும் ஊர் வானொலியில் கேட்ட பிறகுதான் திடலில் பாட வேண்டும்.